ஆலத்தட்டின் சிவப்பு

ஆலம் கரைக்கக் குங்குமம் வேண்டியதில்லை. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் போதும். கலக்கும்போதே செக்கச் செவேலென்று மாறிவிடும். மஞ்சளிலுள்ள குர்குமின், காரம் பட்டதும் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நமக்குச் சிவப்பு தெரிகிறது. எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள், மறுபடி மஞ்சள்! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வித்தை.

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துவதும் இதனால்தான். பதறாமல் அலசி வெயிலில் காயப்போடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது. ஒளி பட்டுச் சிதைந்து வெளிறிவிடும். துணிச்சாயமாகப் பார்த்தால் இது பெரிய குறை. புதுத்துணி ஓரத்தில் தடவும் மஞ்சள் நாலைந்து வெயில் தாங்கினாலே அதிகம்.