வெளியிலிருந்து வந்த நோய்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் கொல்லிமலை. அறப்பளீஸ்வரர், எட்டுக்கை அம்மன், மாசி பெரியண்ணன் என மலையெங்கும் தெய்வங்கள். தூக்கம் தொலைத்து, தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் மகனையோ மகளையோ கைப்பிடித்து இப்படிப்பட்ட சன்னிதிகளுக்கு அழைத்துப்போகும் பெற்றோர் தமிழ்நாடு முழுவதும் உண்டு. ‘என்ன நோய்?’ என்று அவர்கள் கேட்பதில்லை. ‘எந்தக் காத்து கருப்பு பட்டது?’ என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன; கண்டவரை மயக்கிக் கொல்வாள் என்பது அவளைப் பற்றிய நம்பிக்கை. அவளையே எட்டுக்கை அம்மனாக வணங்குவோர் இன்றும் உள்ளனர். மயக்குவாள் என்று அஞ்சப்பட்டவளே காக்கும் தாயாகவும் ஆனாள். மனத்தைக் கலக்கும் சக்தி வெளியே இருக்கிறது, அதை வேண்டி மீளலாம் என்பதே இந்த நம்பிக்கையின் அடிக்கல். இதன் நன்மையும் தீமையும் அந்த ஒரே கல்லின்மேல்தான் நிற்கின்றன.

முதலில் நன்மை. நோய் வெளியிலிருந்து வந்தது என்றால் நோயாளி குற்றவாளி அல்லர். ‘பைத்தியம்’ என்ற சொல் ஒருவர்மேல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘பிடித்தது’ எதுவானாலும் ஒருநாள் விட்டுப்போகும். அந்த நம்பிக்கையோடு குடும்பம் கூடவே நிற்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆய்வாளர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பாலோர் கடுமையான மனநோய் உடையவர்கள். சுமார் ஆறு வாரம் உறவினர் ஒருவருடன் தங்கி, கோயிலில் சிறு வேலைகள் செய்துவந்த அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. சிறப்புச் சடங்கு எதுவும் அங்கே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது; கோயிலே குணமாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அரவணைப்பும் ஒழுங்கான அன்றாடமும் துணையும் மனத்துக்கு உரம் என்பதை மறுக்கவும் முடியாது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இவை கிடைப்பதில்லை.

இனி தீமை. வெளியிலிருந்து வந்தது என்றால் அனுப்பியவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். செய்வினை வைத்ததாக நாத்தனாரையோ பங்காளியையோ சந்தேகித்துப் பிரியும் குடும்பங்கள் எத்தனை! உள்ளே இருப்பது பேய்தான் என்றால் அதை அடித்து விரட்டலாம் என்றாகிறது. அடி விழுவதோ நோயாளியின் முதுகில். பேய் போகவில்லை என்றால் ‘குலதெய்வக் குத்தம்’ என்ற பழி வீட்டின்மேல் விழுகிறது. இதற்கிடையே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மனச்சிதைவில் மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது. இன்னொரு குறையும் உண்டு. ஆடுபவரையும் அலறுபவரையும்தான் இந்த நம்பிக்கை அடையாளம் காண்கிறது. சோறு இறங்காமல், யாரிடமும் பேசாமல் மூலையில் ஒடுங்கும் பெண்ணின் மனச்சோர்வு அதன் கண்ணில் படுவதே அரிது.

இந்தத் தீமையின் உச்சக் கொடுமையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். அங்குள்ள தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் கருகினர். அவர்களைக் கொன்றது பக்தி அல்ல; பக்தியின் நிழலில் கேட்பாரின்றி நடந்த வியாபாரமும் அதைக் கண்டும் காணாமல் இருந்த நாமும்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது.

அப்படியானால் நம்பிக்கையை ஒழிப்பதா? ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அதே ஏர்வாடியில் தர்கா அருகிலேயே மனநல மருத்துவர்கள் சிகிச்சை தரும் ஏற்பாடு பின்னர் வந்தது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய ‘மருந்தும் பிரார்த்தனையும்’ முறை அது. மருத்துவரிடம் போவதற்காக அங்கே யாரும் தொழுகையைக் கைவிட வேண்டியதில்லை.

எனவே ஒரு வழிபாட்டிடத்தை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே உரைகல்தான்: அது நோயாளிக்கு இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறதா, இருக்கும் கதவையும் அடைக்கிறதா? கொல்லிமலையின் பூசாரிகளையும் குறி சொல்பவர்களையும் மாவட்ட மனநலத் திட்டம் தேடிப்போய்ப் பேச வேண்டும். 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண் கோயில் சுவரில் எழுதப்பட வேண்டும். நெற்றியில் விபூதி இட்டுவிட்டு, “மாத்திரையை விட்றாதப்பா; அடுத்த அமாவாசைக்கு வந்து அம்மனப் பாரு” என்று ஒரு பூசாரி சொல்லட்டும். மருத்துவச் சீட்டுக்கு இல்லாத எடை அந்தச் சொல்லுக்கு உண்டு.