இறுதித் திருப்பம் யாரிடம் நிகழ்கிறது?

சிறுகதை எழுதப் புகும் மாணவர் பலர் முதலில் பற்றிக்கொள்ளும் உத்தி இறுதித் திருப்பமே. கதை முழுதும் ஒரு திசையில் நடந்து, கடைசி வரியில் வேறு திசைக்குத் திரும்பிவிட்டால் அது வெற்றி பெற்றுவிட்டதென அவர்கள் கருதுகின்றனர். 'அத்தனையும் கனவு' என முடியும் கதைகளைத் திருத்தித் திருத்திக் கை சலித்த ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். வியப்பூட்டுவது மட்டுந்தானா திருப்பத்தின் பணி? முடிவை அறிந்தபின் மீண்டும் படிக்க ஒன்றும் எஞ்சாத கதையை நல்ல கதை எனலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண, திருப்பத்தையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 1959 அக்டோபர் முதல் 1964 வரை ஒளிபரப்பான 'தி டுவைலைட் ஸோன்' என்பதே அத்தொடர். 'அந்தி மண்டலம்' என அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். மொத்தம் 156 நாடகங்கள், ஒவ்வொன்றும் தனிக்கதை. இத்தொடரைத் தோற்றுவித்த ராட் செர்லிங் (1924–1975) அவற்றுள் 92 நாடகங்களைத் தாமே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் களத்தில் வான்குடைப் படைவீரராய்ப் போரிட்டவர் அவர்.

அவர் அறிவியல் புனைவை நாடியதற்குக் காரணம் உண்டு. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்டோரை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுதலை செய்தது. அக்கொடுமையை உட்கொண்டு செர்லிங் எழுதிய நாடகம் 1956இல் ஒளிபரப்பாகுமுன், விளம்பரம் தருவோரின் அச்சத்தால் இடம் மாற்றப்பட்டது. கொலையுண்டவனின் இனம் மாற்றப்பட்டது. இறுதியில் கருத்தே மங்கிப்போயிற்று. நேரே சொல்ல இயலாததை வேற்றுக்கோளின் வாயிலாகச் சொல்லலாம் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே, அவருடைய திருப்பங்கள் வெறும் விளையாட்டல்ல. தடுக்கப்பட்ட உண்மையைக் கடத்திச் செல்லும் வழியும் ஆகும்.

இத்தொடரில் மிகவும் புகழ் பெற்ற முடிவு, 1959 நவம்பரில் ஒளிபரப்பான 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' நாடகத்தினுடையது. லின் வெனபிள் 1953இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது அது. வங்கி எழுத்தர் ஹென்றி பெமிஸ் படிப்பில் தீராத வேட்கை உடையவர். மேலாளர் அவரைக் கடிந்துகொள்கிறார்; மனைவியோ அவரது கவிதை நூலின் பக்கங்களையே கிறுக்கி அழிக்கிறாள். வங்கியின் காப்பறைக்குள் ஒளிந்து படிக்கும் வேளையில் ஹைட்ரஜன் குண்டு உலகை அழிக்கிறது. அவர் மட்டும் தப்புகிறார். தனிமை தாளாது உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகையில் நூலகத்தின் இடிபாடுகள் கண்ணிற் படுகின்றன. இனிப் படிப்பதற்குக் காலம் கோடி உண்டு! நூல்களை மாதவாரியாக அடுக்கிவைக்கிறார், குனிகிறார், மூக்குக்கண்ணாடி விழுந்து நொறுங்குகிறது.

நெஞ்சை உலுக்கும் முடிவுதான். தடித்த கண்ணாடியை முன்னரே நமக்குக் காட்டிவிட்டமையால் நாம் ஏமாற்றப்பட்டோம் என்றும் கூற முடியாது. ஆயினும், நிகழ்ந்தது ஒரு விபத்து. கண்ணாடி விழாதிருந்தால் கதை வேறாகியிருக்கும். பெமிஸின் செயலுக்கும் குணத்துக்கும் அம்முடிவு விளைவன்று. நாம் அவர்பால் இரங்குகிறோம். நம்மைப் பற்றி எதையும் அறிந்துகொள்ளவில்லை. புகழில் முதலிடம் பெற்ற இத்திருப்பத்துக்குத் தரத்தில் முதலிடம் தர என் மனம் ஒப்பவில்லை.

1962 மார்ச்சில் ஒளிபரப்பான 'டு சர்வ் மேன்' இதனினும் ஒரு படி மேலானது. டேமன் நைட் 1950இல் வெளியிட்ட சிறுகதைக்குச் செர்லிங் நாடக வடிவம் தந்தார். வேற்றுக்கோளினரான கனமிட்டுகள் பூமிக்கு வந்து பசியையும் போரையும் ஒழிக்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற நூலின் தலைப்பு மட்டும் முதலில் விளங்குகிறது: மனிதருக்குச் சேவை செய்தல். ஐயம் நீங்கிய மக்கள் அவர்களுடைய கோளுக்கு இன்பச் சுற்றுலா செல்ல வரிசையில் நிற்கின்றனர். அந்நூல் ஒரு சமையற் குறிப்பு நூல் என்னும் உண்மை இறுதியில் வெளிப்படுகிறது.

ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் தொண்டு செய்தலையும் உணவு பரிமாறுதலையும் குறிப்பதால் இச்சிலேடை பிறக்கிறது. தமிழில் இதற்கு ஈடாக ஒரு தொகையைச் சொல்லலாம். 'மனித விருந்து' என்பதை மனிதர்க்கு விருந்து என நான்காம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் மகிழ்ச்சி. மனிதரால் ஆகிய விருந்து என மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்தால் மரணம். இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது. மறைபொருள் தலைப்பிலேயே இருந்தது. கப்பலேறும் பயணிகளை எடைபோடும் காட்சியும் கண்முன் நடந்தது. நாம்தான் நமக்கு இனிய பொருளை மட்டும் கொண்டோம். இம்முடிவு விபத்தன்று, எளிதில் மயங்கும் மனத்தின் விளைவு.

இனி, 1960 நவம்பரில் வந்த 'ஐ ஆஃப் த பிஹோல்டர்'. முகமெங்கும் கட்டுப் போடப்பட்ட ஜேனட் டைலர் என்னும் பெண், தன் விகாரம் நீங்குமா என ஏங்கிக் கிடக்கிறாள். மருத்துவர், செவிலியர் முகங்களை இயக்குநர் டக்ளஸ் ஹேஸ் நிழலிலேயே வைத்திருக்கிறார். கட்டு அவிழ்கிறது, அழகிய பெண்ணொருத்தி தோன்றுகிறாள். மருத்துவரோ சிகிச்சை தோற்றதெனப் பதறுகிறார். விளக்கொளியில் பன்றி மூக்கும் கோணிய வாயுமாக அவர்கள் முகங்கள் தெரிகின்றன. இங்கு ஒரு நுட்பம் உண்டு. கதைக்குள் இருப்போர் அனைவரும் இதனைத் தொடக்கமுதலே அறிவர். அறியாதிருந்தவர் நாம் மட்டுமே. எனவே, திருப்பம் கதையில் நிகழவில்லை, காண்பவரிடம் நிகழ்கிறது.

ஆனால், இந்நாடகத்திலும் ஒரு குறை உண்டு. அழகு பார்ப்பவர் கண்ணில் உள்ளது என்பது இதன் கருத்து. அக்கருத்தை மெய்ப்பிக்கவோ, பொன்னிறக் கூந்தலும் வெண்ணிற மேனியும் உடைய நடிகையைக் காட்டி, 'இவளே அழகி' என நாம் அனைவரும் ஒருமுகமாய் ஒப்புவோம் என நம்புகிறது. அழகின் அளவுகோலை உடைக்க வந்த நாடகம் பழைய அளவுகோலையே நம் கையில் மீண்டும் தருகிறது. இதனை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவது ஆசிரியர் கடன்.

இக்குறையின்றி அதே வேலையைச் செய்வது, ரிச்சர்டு மாதிசன் எழுதி 1961 சனவரியில் ஒளிபரப்பான 'தி இன்வேடர்ஸ்'. மின்விளக்கும் இல்லாத தனிவீட்டில் வாழும் மூதாட்டியைப் பறக்கும் தட்டில் வந்த சிற்றுருவங்கள் தாக்குகின்றன. ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு சொல்லும் பேசாது அச்சத்தையும் வலியையும் உடலாலேயே உணர்த்துகிறார். அவள் கோடரியால் தட்டை உடைக்கும்போது நாமும் மகிழ்கிறோம். அடுத்த கணம் அத்தட்டின்மேல் அமெரிக்க விமானப்படையின் பெயர் தெரிகிறது. வந்தவர்கள் நம்மவர், அவளே வேற்றுக்கோளின் பேருருவம். 'படையெடுத்து வந்தோர்' என்னும் தலைப்பு முதலிலேயே உண்மை கூறிற்று. அது யாரைக் குறிக்கிறதென நாம் கேட்கவில்லை. அந்நியர் என்றால் பிறர்தாம் என்றே எண்ணிவிட்டோம்.

மாணவர் கதையை மதிப்பிடுகையில், 'முடிவை ஊகிக்க முடிந்ததா?' என்று கேட்பதைவிட, 'முடிவை அறிந்தபின்னும் இக்கதையை மறுமுறை படிப்பேனா?' என்று கேட்பதே பொருந்தும். மறுமுறை படிக்கையில், சொற்களெல்லாம் அப்படியே இருக்க, படிப்பவர் மாறியிருக்க வேண்டும். கனவு கண்டு விழிப்பவன் கதைமாந்தனாக இருந்தால் அதில் நமக்கு ஆவதொன்றும் இல்லை. விழிப்பவர் நாமாக இருத்தல் வேண்டும்.