பின்னணி நீக்கம்: வெள்ளையின் அரசியல்

ரிஷிவந்தியம் கடைத்தெருவில் ஒரு சிறிய ஸ்டுடியோ. எனக்கு முன்னால் காலனியிலிருந்து வந்த ஒரு பெண். நீட் விண்ணப்பத்துக்கு வெள்ளைப் பின்னணியில் போட்டோ வேண்டும். வீட்டு மண்சுவர் முன்னால் நின்று செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தாள். "பின்னாடி ஒயிட் போட்டுடறேம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர். போட்டோஷாப்பில் மந்திரக்கோல் கருவியால் சுவரைத் தொட்டார். சுவரோடு சேர்ந்து அவள் காதும் கன்னத்தில் பாதியும் காணாமல் போயின. "செவுரும் நீயும் ஒரே கலரு. மெஷினுக்கு என்னா தெரியும்?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷினுக்குத் தெரியாதுதான். தொட்ட புள்ளியின் நிறத்துக்கு நெருங்கிய நிறமுள்ள பக்கத்துப் புள்ளிகளை எல்லாம் அது ஒன்றாகச் சேர்க்கிறது. எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரின் பொருள் 'சகிப்பு'. சகிப்பைக் கூட்டினால் பெண்ணும் சுவராகிறாள். குறைத்தால் சுவரின் துண்டுகள் அவள் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

பின்னணிக்கும் வரலாறு உண்டு. 1869இல் லாம்ப்ரே என்பவர் மனித உடலை அளக்கக் கட்டம் போட்ட திரையைப் பரிந்துரைத்தார். 1890களில் அந்தமானில் போர்ட்மன் என்ற அதிகாரி பழங்குடிகளைக் கட்டத் திரை முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். நம்மூர் ஸ்டுடியோக்களில் மாளிகைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரைகள் வந்தன. அது பொய்தான். ஆனாலும் கூலிக்காரர் ஒருவர் காசு கொடுத்து ஐந்து நிமிடம் அந்தப் படிக்கட்டில் நிற்க முடிந்தது. இன்றைய வெள்ளைத் திரையில் கட்டமும் இல்லை, மாளிகையும் இல்லை. அளக்கும் வேலையை இப்போது கணினி செய்கிறது. சில வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள் 2025 செப்டம்பர் 1 முதல் கேட்கும் பாஸ்போர்ட் படத்தில் முகம் 80 முதல் 85 சதவீதம் இருக்கவேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்கவேண்டும், மென்பொருளால் திருத்தியிருக்கவும் கூடாது. அதாவது, பிறக்கும்போதே பின்னணி இல்லாதவராக இருக்கவேண்டும்!

'அதிகாரம் வேரை அழிக்கிறது' என்று நம் வழக்கமான வாய்ப்பாட்டை ஒப்பித்து இங்கேயே முடித்திருப்பேன். அந்தப் பெண் விடவில்லை. "செவுரு இருந்தா என்னம்மா, அது உங்க வூடுதானே?" என்று கேட்டேன். "வூடு தெரியாட்டி நல்லதுதான் சார்" என்றாள். மண்சுவரை அடையாளமாகக் கொண்டாடுவது, அதன் முன்னால் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாத எனக்குச் சுலபம். அவளுக்கு அந்த வெள்ளை ஒரு சின்ன இளைப்பாறல்.

ஆனால் அந்த இளைப்பாறல் விண்ணப்பத்தின் ஒரு மூலையோடு சரி. படத்தில் நீக்கிய சுவரை விண்ணப்பம் வேறு கட்டங்களில் கேட்டு வாங்கிக்கொள்கிறது: தகப்பன் பெயர், முகவரி, சாதிப் பிரிவு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசவாகிப்போன சொல் போகட்டும். தெரு அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா? இலக்கிய விமர்சனத்தில் நாம் வைத்திருக்கும் மந்திரக்கோல் எது? ஆதிக்க சாதி எழுத்தாளர் எழுதினால் அவர் தெருவை நீக்கிவிட்டு, வெள்ளைத் திரையில் முகத்தை மட்டும் வைத்து, 'மானுடத் துயரம்' என்கிறோம். தலித் எழுத்தாளர் எழுதினால் 'செவுரு எங்க?' என்று கேட்கிறோம். காதல் கதை எழுதினாலும் 'தலித் வாழ்வின் பதிவு' என்கிறோம். ஒருவருக்குப் பின்னணி இல்லை. இன்னொருவருக்குப் பின்னணி மட்டும்தான். காதும் கன்னமும் போனதை நாம் கவனிப்பதே இல்லை.

பின்னணியை வைப்பதா நீக்குவதா என்பதல்ல பிரச்சினை. யார் முடிவு செய்வது என்பதே பிரச்சினை. படத்தில் நிற்பவர் கேட்டால் நீக்கலாம், கேட்டால் வைக்கலாம். இரண்டுமே அவர் உரிமை. இதழாசிரியர்களும் விமர்சகர்களும் அவரிடம் கேட்கிறோமா?

ஸ்டுடியோக்காரர் கடைசியில் மந்திரக்கோலை விட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கி, அவள் காதோரமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக் கையாலேயே கோடு இழுத்தார். நெடுநேரம் ஆனது. காது திரும்பி வந்தது. "கொஞ்சம் வெள்ளையாக்கிடவா?" என்று கேட்டார். "வேணாண்ணா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.