சிங்கப்பூர் இலக்கியம்: ஆறாம் வேற்றுமையா, ஏழாம் வேற்றுமையா?

'சிங்கப்பூர் இலக்கியம்' என்னும் தொகையை விரித்துக் காட்டுமாறு மாணவர்களிடம் கேட்டால் இரண்டு விடைகள் வரக்கூடும். சிங்கப்பூரினது இலக்கியம் என விரித்தால் அஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. சிங்கப்பூரின்கண் தோன்றிய இலக்கியம் என விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கண வகுப்பில் இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கும். இலக்கிய வரலாற்றில் நிலைமை வேறு. முன்னது உடைமை பற்றியது. பின்னது இடம் பற்றியது. நம் திறனாய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஏழாம் வேற்றுமையையும் இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்கு ஆறாம் வேற்றுமையையும் பயன்படுத்தி வருகிறது என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது.

தொடக்கத்தை நோக்குவோம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் முதல் நூல்களுள் ஒன்றாக 1872இல் அச்சேறிய 'முனாஜாத்துத் திரட்டு' சுட்டப்பெறுகிறது. அதன் ஆசிரியர் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். 1887இல் 'சிங்கை நகர் அந்தாதி'யை வெளியிட்ட சதாசிவப் பண்டிதர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவர். அதே ஆண்டில் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழில் மகுதூம் சாயபு எழுதிய 'விநோத சம்பாஷணை'யைச் சிறுகதையின் முன்னோடியாகக் கண்டு காட்டியவர் நா. கோவிந்தசாமி. இவர்களுள் எவரும் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லர், இருந்திருக்கவும் இயலாது. சிங்கப்பூர்க் குடியுரிமை என்னும் சட்டநிலையே 1957இன் குடியுரிமைச் சட்டத்தால்தான் உருவாயிற்று. ஆயினும் இவர்களை நாம் தயங்காமல் முன்னோர் வரிசையில் வைத்திருக்கிறோம். அது சரியே.

ஆறாம் வேற்றுமை பின்னர் வந்தது. அதனை எளிதாகக் கொள்ளுதல் தகாது. 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ஊர்திரும்பும் எண்ணத்திலேயே காலங்கழித்த தமிழர்களிடம் குடியுரிமை பெறுமாறு விடாது வற்புறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியவரும் அவரே. (அங்கு 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றது சிங்கப்பூரில்தான் என்பதை இன்று துறைக்குள்ளேயே பலர் மறந்துவிட்டனர்.) சிறுபான்மையினர் ஒரு நாட்டைத் 'தமது' எனச் சொல்லப் பட்ட பாடு அது. எனவே சிங்கப்பூர் இலக்கியப் பரிசு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியதாக இருந்து வந்ததில் நாம் குறை காணவில்லை. பரிசு ஓர் அரசின் செயல். அதற்கு எல்லை உண்டு. திறனாய்வும் அதே எல்லையைக் கேள்வியின்றி ஏற்க வேண்டுமா என்பதே வினா.

இவ்வினாவைத் தேக்காவில் அன்றிக் கேலாங்கில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. தேக்கா தமிழருக்கு விழாக்கால முகம். அங்கு அலங்கார வளைவுகள் உண்டு. கேலாங்கின் லோரோங்குகளில் உள்ள கடைவீடுகளின் மேல்மாடிகளில் தமிழகத்தாரும் வங்கதேசத்தாரும் சீனநாட்டாருமாகத் தொழிலாளர்கள் தங்கிவந்தனர். 2013 டிசம்பர் 8ஆம் நாள் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து தேக்காவில் கலவரம் மூண்டது. அதனை ஆராய்ந்த விசாரணைக் குழுவின்முன் 2014இல் சாட்சியமளித்த காவல்துறை ஆணையர், தமக்குத் தேக்காவைவிடக் கேலாங்கே மிகுந்த கவலை தருவதாகக் கூறினார். 2015இல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இரண்டு இடங்களும் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. வரைபடத்தில் தொலைவாக உள்ள இரண்டு இடங்களைச் சட்டம் ஒன்றாக்கிற்று.

நம் சொற்களையும் கவனித்தல் வேண்டும். தஞ்சையிலிருந்து வந்து கம்பி கட்டும் ஒருவரைச் சிங்கப்பூர்த் தமிழ் 'வெளிநாட்டு ஊழியர்' என்கிறது. அவரது பாட்டனாரின் ஊரிலிருந்து 1930களில் வந்தவர் 'முன்னோடி'. சட்டநோக்கில் வேறுபாடு மெய்யே: வேலை அனுமதியில் இருப்பவர் நிரந்தரவாசத் தகுதி பெற இயலாது, சிங்கப்பூரரை மணக்க மனிதவள அமைச்சின் இசைவு வேண்டும். பல்லாண்டு உழைத்தாலும் அவரது காலம் குடியுரிமைக் கணக்கில் சேர்வதில்லை.

அவர் எழுதுகிறார். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் வங்காளிகளோடு தமிழரும் பங்கேற்றனர். முயற்சி பாராட்டத்தக்கது, விளைவு இருமுனைப்பட்டது. குடிமக்களின் சிறுகதைகளில் தொழிலாளி ஒரு பாத்திரம். தனிமேடையில் அவர் ஓர் அதிசயம். நூலாசிரியராக மட்டும் அவர் அரிதாகவே காணப்படுகிறார்.

ஐரோப்பிய அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. 1992இல் கையொப்பமான மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பியக் குடியுரிமையைப் படைத்தது. ஆனால் உறுப்பு நாடொன்றின் குடிமகனே ஐரோப்பியக் குடிமகன் ஆவான் என்றது. அங்கு முப்பதாண்டு உழைத்த துருக்கியர் அதனுள் வரவில்லை. பிரிட்டன் 2020 ஜனவரியில் விலகியபோது, ஐரோப்பாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே இரவில் அதனை இழந்தனர். ஆனால் இலக்கியம் வேறு வழியில் நடந்தது. 1965இல் பெர்லின் தொழிற்சாலைக்கு வேலைசெய்யப் போன எமினே செவ்கி ஓஸ்தமார் பின்னர் ஜெர்மன் மொழியில் எழுதினார். அயல்மொழிப் பின்னணியினருக்கென 1985இல் ஏற்படுத்தப்பட்ட ஷாமிஸோ பரிசை அவர் 1999இல் பெற்றார். அப்பரிசு எழுத்தாளரைத் தனிக்கூண்டில் அடைக்கிறது என்னும் குறை எழுந்தது. 2017உடன் அது நிறுத்தப்பட்டது. 2022இல் ஓஸ்தமாருக்கு ஜெர்மன் இலக்கியத்தின் தலையாய பியூஷ்னர் பரிசு கிடைத்தது. 'விருந்தினர் தொழிலாளர் இலக்கியம்' என்னும் பெயரிலிருந்து ஜெர்மன் இலக்கியம் என்னும் பெயரை அடைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அவர் மொழி மாறவேண்டியிருந்தது. கேலாங்கில் எழுதுபவருக்கு அத்தேவையும் இல்லை. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றிலேயே அவர் எழுதுகிறார்.

இதற்கு எழும் மறுப்பை நாம் அறிவோம். தொழிலாளியையும் தம்மையும் பிறர் ஒன்றாக எண்ணிவிடுவர் என்ற அச்சம் குடிமக்களான தமிழரிடம் உண்டு. 2013க்குப் பின் அது மிகுந்தது. தோலின் நிறத்தால் அடையாளம் காணப்படும் சமூகத்தில் அவ்வச்சத்தை அற்பமெனத் தள்ள இயலாது. எனினும் அச்சம் ஓர் இலக்கியக் கொள்கை ஆகாது.

தமிழ்ப் பொருளியல் மரபு இதனைத் தெளிவாகக் கண்டது. அகப்பாடலுக்குத் திணை வகுத்தவர்கள் அதன் முதல், கரு, உரிப்பொருள்களை நோக்கினர். பாடியவரின் ஊர் அவர் பெயரோடு ஒட்டி நின்றதேயன்றித் திணையை முடிவு செய்யவில்லை. உடைமையைப் பகுத்த இலக்கணிகளும் ஒருவனுக்குரிய நிலத்தைத் தற்கிழமையில் சேர்க்காமல் பிறிதின்கிழமையிலேயே அடக்கினர். நிலம் பிரிக்கக்கூடிய உடைமை என்பது அவர்தம் துணிபு. தோபி காட்டில் இருந்த சிவன் கோயில் பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் இடம்பெயர்ந்து 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் நிலைபெற்றது. அக்கோயிலைக் கேலாங்கினது என்பதா, கேலாங்கில் உள்ளது என்பதா என எவரும் தயங்குவதில்லை.

தொழிலாளர் கவிதைகளை உள்ளே கொள்வதென்றால் இரக்கமின்றிப் படிக்கவும் வேண்டும். அவற்றுட் பல தாய்க்கு எழுதும் மடல், விமான நிலையப் பிரிவு, தான் கட்டிய மாடியில் தான் குடியேற இயலாமை ஆகிய மூன்று பொருள்களையே சுற்றிச் சுழல்கின்றன. இவை பொருள்வயிற் பிரிவின் தொடர்ச்சி என்பது வெளிப்படை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாலைத் தலைவன் கார்காலத்துக்குள் மீள்வதாகச் சொல்லிப் பிரிவான். பருவம் பொய்த்தால் தலைவி வருந்துவாள். கேலாங்குத் தலைவனின் பருவம் வேலை அனுமதி புதுப்பிக்கப்படும் நாள். புதுப்பிக்கப்பட்டால் வீட்டில் ஒரே வேளையில் மகிழ்ச்சியும் துயரும். இவ்விருநிலையை உணர்ந்து எழுதப்பட்ட கவிதை எது, பழைய கண்ணீரை மீண்டும் வடிப்பது எது என்று பிரித்துக் காட்டும் கட்டுரை ஒன்றுகூட நம் கண்ணில் படவில்லை. பரிசளிப்பு மேடைகளில் பேசியவர்கள் பலர். மேல்நிலை வகுப்பில் நெஞ்சொடு கிளத்தல் துறைப் பாடலொன்றை நடத்தும் ஆசிரியர், அதன் பக்கத்தில் கேலாங்குக் கவிதையொன்றை வைத்து மாணவரிடம் திணை கேட்கலாம்.