சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு

சோதனைக் குழாயில் நாலு மில்லி தொட்டித் தண்ணீர். நிறங்காட்டி மருந்து இரண்டு சொட்டு விட்டதும் அது நீலப்பச்சையாகிறது. அப்புறம் சிரிஞ்சிலிருந்து அமிலம், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குலுக்கல். நிறம் நகராமல் அடம்பிடிக்கும். பிறகு ஒரே சொட்டில் சட்டென்று இளஞ்சிவப்பு. சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் காரத்தன்மை தெரிந்துவிடும். நேற்று 8.3 டிகேஎச், இன்று 7.9. தொட்டிக்காரர் முகத்தில் சிரிப்பு. குறைந்ததற்கா சந்தோஷம்? ஆமாம், பவளம் சாப்பிட்டிருக்கிறது.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் கோமாளி மீனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். விஷயம் தெரிந்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் கால்சியம் 410 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மெக்னீசியம் சுமார் 1,300. காரத்தன்மை 7 டிகிரியை, அதாவது 7 டிகேஎச்சை, ஒட்டி நிற்கும். கல்பவளம் இந்தத் தண்ணீரிலிருந்து ஒரு பங்கு கால்சியத்தையும் இரண்டு பங்கு பைகார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டுகிறது. காரத்தன்மை ஒரு டிகிரி இறங்கும்போது லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் கால்சியமும் கூடவே போகிறது. கால்சியம் மூட்டைக் கணக்கில் கிடப்பதால் அந்த ஏழு உறைக்காது. காரத்தன்மையோ கைப்பிடிக் கணக்கு. ஒரு டிகிரி போனால் ஏழில் ஒரு பங்கு காலி. அனுபவசாலிகள் கால்சியத்தை வாரத்துக்கு ஒருமுறையும் காரத்தன்மையை அன்றாடமும் அளப்பது இதனால்தான்.

மெக்னீசியத்தின் வேலை வேறு. வெப்பக் கடலின் மேல்மட்ட நீரில் கரையக்கூடிய அளவைவிடக் கூடுதலாகவே சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. அது கட்டி தட்டாமல் இருப்பதில் மெக்னீசியத்துக்குப் பெரும் பங்கு. முளைக்கும் படிகத்தின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் செய்கிறது. மெக்னீசியம் தாழ்ந்த தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் பவளத்துக்குப் போய்ச் சேராது. ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் பொருக்காகப் படியும்.

சாப்பிட்டதைத் திரும்பக் கொடுக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் அழகானது சந்தேகமின்றி சுண்ணாம்புத் தண்ணீர்தான். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை. கால்க்வாஸர் என்று உலகமெங்கும் மரியாதையாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சுண்ணாம்புத் தண்ணீர்தான். வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பு, சுத்தத்தில் மட்டும் உயர்ந்த ஜாதி. ஆர்.ஓ. தண்ணீர் லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டுக் கலக்கி மூடிவைத்தால் கரையாதது அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவுதான் மருந்து. மூடாமல் விட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு, காய்ச்சிய பாலில் படிவதுபோல மெல்லிய ஆடை படியும். அத்தனையும் வீணாய்ப்போன கால்சியம்.

இதில் ரசிக்க வேண்டியது அதன் சிக்கனம். பவளம் எந்த விகிதத்தில் எடுத்ததோ அதே விகிதத்தில் கால்சியமும் காரத்தன்மையும் உள்ளே போகின்றன. வேண்டாத மிச்சம் எதுவும் தங்குவதில்லை. 100 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி குறைந்தால் தெளிவு சுமார் 900 மில்லி போதும், கால்சியத்தின் ஏழு மில்லிகிராமும் தானாக நிரம்பிவிடும். நாள்தோறும் ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக இதையே விடுவதால் உப்பின் அளவும் நிலையாக நிற்கிறது.

ஆனால் இதன் பிஎச் 12.4. அவசரப்பட்டு ஒரு சொம்பை ஒரே வீச்சில் கவிழ்த்தவர்கள், தொட்டி முழுக்க மோர் கரைத்த மாதிரி வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பார்கள். ஆகவே சொட்டுச் சொட்டாக, அதுவும் ராத்திரியில். விளக்கு அணைந்ததும் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்துகின்றன, கரியமில வாயு சேர்கிறது, பிஎச் சரிகிறது. அந்த நேரத்தில் விழும் ஒவ்வொரு சொட்டும் கூடுதல் வாயுவைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிக் கொடுக்கிறது.

ஆவியாகிற அளவுக்குத்தான் சுண்ணாம்புத் தண்ணீர் விட முடியும் என்பது இதன் எல்லை. அக்ரோபோரா பவள வகைகள் கிளைத்து அடர்ந்த தொட்டியின் பசிக்கு இது போதாது. ஹான்ஸ் வெர்னர் பாலிங் வகுத்த முறையில் கால்சியம் குளோரைடையும் சமையல் சோடாவையும் தனித்தனியாக ஊற்றுவார்கள். கணக்கு சுத்தம், ஆனால் சோடியமும் குளோரைடும் மிச்சமாகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அதற்கென்று தனியாக ஓர் உப்புக் கலவை வேண்டும். இன்னொரு வழி கால்சியம் ரியாக்டர். மூடிய குழாயில் கரியமில வாயுவைச் செலுத்தி, செத்த பவளத்தின் சரளையைக் கரைத்து, உயிருள்ள பவளத்துக்குக் கொடுப்பது.

தமிழ்க் கடற்கரைக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் இருந்தது. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில். 2001இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதனால் சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கும் இந்தக் கைவேலை ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் செழித்ததைத்தான் இங்குள்ள ரசிகர் படித்தும் படம் பார்த்தும் தெரிந்துகொள்கிறார்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு எண்மோகம் பிடிக்கும். யாரோ காரத்தன்மை 9 என்றால் உடனே 9. மறுவாரம் வேறொருவர் சொன்னாரென்று 7.5. ஊசலாடும் 9ஐவிட அசையாத 7.5 எவ்வளவோ மேல் என்று பிடிபடுவதற்குள் இரண்டு மூன்று கிளைகளாவது நுனி வெளுத்துப்போயிருக்கும். பழுத்த கையின் நோட்டைப் புரட்டினால் 7.8, 7.8, 7.9, 7.8 என்று பக்கம் பக்கமாக அலுப்பூட்டும். நடுவே எப்போதாவது ஒரு நாள் பிஎச் மட்டும் இறங்கியிருக்கும். பக்கத்தில் பென்சிலில் காரணமும் இருக்கும்: 'வீட்டில் விருந்து, எட்டுப் பேர், ஜன்னல் சாத்தியிருந்தது.'