சாவிக்கொத்தும் தன்னாட்சியும்

இரவு பத்தரைக்குக் கதவு சாத்தப்படும். வாரக் கடைசியில் ஒரு மணிவரை தாராளம். (வளாகத்துக்கு வளாகம் நேரம் கொஞ்சம் மாறும்.) வெளியே போகிறவள் எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் ஐந்து நிமிடமும் கணக்கில் ஏறும். கணக்கு சேர்ந்துபோனால் ஒரு வாரக் கடைசி முழுக்க விடுதிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஆண்களுக்கு இதெல்லாம் கிடையாது. பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் பையன் தானாக அறைக்குப் போய்விடுவான் என்பது நிர்வாகத்தின் தர்க்கம். 1950களில் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் விடுதி ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

நம்மூர் விடுதியில் இருந்த பெண்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த விதிகளைப் போட்டது யார்? மாணவிகள். பிந்திய நிமிடங்களைக் கூட்டி எழுதியது? மாணவிகள். விசாரித்துத் தண்டனை சொன்ன நீதிக்குழு? அதுவும் மாணவிகள்தான். 1897இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெண்கள் தன்னாட்சிச் சங்கம் இதற்கு முன்னோடி. பிறகு நாடெங்கும் 'அசோசியேட்டட் விமன் ஸ்டூடன்ட்ஸ்' என்ற பெயரில் பரவிற்று. கல்லூரியில் சேர்ந்தாலே உறுப்பினர். தேர்தல், சட்டமன்றம், நிதி, நீதிமன்றம் எல்லாம் உண்டு. பின்னால் ஆலோசகராகப் பெண்களுக்கான டீன்.

பூக்கோவைப் படித்த கையோடு இதைப் பார்க்கிறவருக்கு வேலை சுலபம். கண்காணிப்பவளும் கண்காணிக்கப்படுபவளும் ஒரே உடலில் குடியேறிவிட்டார்கள். அதிகாரம் வெளியிலிருந்து அழுத்துவதில்லை, தன்னிலையை உற்பத்தி செய்கிறது. தன்னாட்சி என்பது தன் மீதே நடத்தும் ஆட்சி. முடிந்தது கட்டுரை. நாமெல்லாரும் ஒருமுறையாவது இப்படி எழுதியிருப்போம். பொய்யில்லை. ஆனால் இந்த வாசிப்பு ஒரு கேள்வியைக் கேட்க விடாமல் செய்துவிடுகிறது. பொம்மை அரசாங்கமே ஆனாலும், அரசாங்கம் நடத்தப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை வைத்து என்ன செய்தார்கள்?

பூட்டுக்குச் சட்ட பலம் தந்தது ஒரு லத்தீன் தொடர், 'இன் லோகோ பேரன்டிஸ்'. பெற்றோர் இடத்தில் நிறுவனம் என்று பொருள். பிள்ளைகளின் ஒழுக்க விஷயத்தில் கல்லூரி பெற்றோருக்குச் சமம் என்று 1913இல் பெரியா கல்லூரி வழக்கில் கென்டக்கி நீதிமன்றம் சொன்னது. 1928இல் சிராக்யூஸ் பல்கலைக்கழக வழக்கு இன்னும் விசேஷம். நீக்கப்பட்ட மாணவிக்குச் சொல்லப்பட்ட காரணம், அவள் ஒரு 'மாதிரி சிராக்யூஸ் பெண்' இல்லை என்பது. நீக்கியது செல்லும் என்று மேல்முறையீட்டு மன்றம் தீர்த்தது. 'மாதிரிப் பெண்' யாரென்று விளக்க வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. இந்தக் கட்டிடத்தைப் பலமாக இடித்தது விடுதி மாணவிகளின் வழக்கல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அலபாமாவில் உணவகத்தில் உட்கார்ந்து நிறவெறியை எதிர்த்து நீக்கப்பட்ட கறுப்பின மாணவர்களின் வழக்கு அது (டிக்சன் எதிர் அலபாமா, 1961). விசாரணையில்லாமல் நீக்க முடியாது என்றானது. வெள்ளைப் பெண்ணின் இரவு நேரத்துக்குக் கறுப்பு மாணவன் வழி திறந்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அடியோடு தவறில்லை.

டீன் பதவிக்கு வருவோம். 1892இல் சிக்காகோவில் ஆலிஸ் ஃப்ரீமன் பாமரும் அவருக்குப் பின் மேரியன் டால்பட்டும் அதை உருவாக்கினார்கள். ஆண்கள் நடத்தும் நிறுவனத்தில் பெண் நுழைய அனுமதிக்கப்பட்ட ஒரே உயர்ந்த நாற்காலி பெரும்பாலும் இதுதான். நிர்வாகம் எதிர்பார்த்தது காவல்காரியை. வந்தவர்களில் பலர் ஆய்வாளர்கள், பேராசிரியைகள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் லூசி டிக்ஸ் ஸ்லோ, 1922இல் டீனான கறுப்பினப் பெண், தான் விடுதிக் காப்பாளர் அல்ல, பெண் கல்வியில் நிபுணர் என்று கடைசிவரை வாதாடினார். வீட்டிலும் தேவாலயத்திலும் அடங்கிப்போகப் பழக்கப்பட்ட மாணவிகள் தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்தக் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1930களில் நிர்வாகம் அவரையே வளாகத்துக்குள் வந்து குடியிருக்கச் சொல்லி நெருக்கியது. பூட்டுகிறவளையும் உள்ளே வைத்துப் பூட்டுவது! 1937இல் அவர் இறக்கும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

நடுநூற்றாண்டுக்கு வந்தால் கன்சாஸ். 1956இல் அங்கே டீனாக வந்த எமிலி டெய்லரைப் பற்றி கெல்லி சார்டோரியஸ் 2014இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான டீன்கள் இரண்டாம் அலைப் பெண்ணியத்தின் எதிரிகளல்ல, அதற்குத் தடம் போட்டவர்கள் என்பது அவர் வாதம். டெய்லர் செய்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. கதவை அவர் தானே திறந்துவிடவில்லை. விதி போடும் அதிகாரம் மாணவிகளுடையது என்று நிறுவனம் ஒப்புக்குச் சொல்லிவந்ததை நிஜமென்று எடுத்துக்கொண்டார். விதி போடுகிறவளுக்கு விதியை எடுக்கவும் உரிமை உண்டல்லவா? முதலில் கடைசி வருட மாணவிகளுக்கு விடுதிச் சாவி. 1960களின் நடுவில் முதல் வருடத்தாரைத் தவிர மற்றவர்களுக்குக் கதவடைப்பு நேரமே இல்லாமல் போயிற்று. அவர் பேசியது காதல் சுதந்திரம் அல்ல. படித்து வேலைக்குப் போகப்போகிற பெண்ணுக்குத் தன் நேரத்தைத் தானே ஆளத் தெரிய வேண்டும் என்ற வறட்டுப் பேச்சு. அந்த வறட்சிதான் செல்லுபடியானது.

சார்டோரியஸோடு நான் பாதி தூரம்தான் போக முடியும். அவருடையது வாழ்க்கை வரலாறு, டீனின் மேஜைக்குப் பின்னாலிருந்து பார்ப்பது. மேஜைக்கு முன்னால் நின்றவளின் கதை வேறு. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டீன் டெபோரா பேகன், கறுப்பின ஆண்களோடு பழகும் வெள்ளை மாணவிகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தகவல் அனுப்புகிறார் என்று மாணவர் பத்திரிகையினர் ஆதாரம் திரட்டினார்கள். அந்த வருடமே அவர் பதவி விலகினார். பெற்றோர் இடத்தில் நிற்பது என்றால் எந்தப் பெற்றோர், எந்த நிறத்துப் பெற்றோர் என்பது இங்கே பச்சையாகத் தெரிகிறது. அதே பதவி, அதே காலம். டெய்லரை விதியென்றும் பேகனை விலக்கென்றும் எழுதிவிட்டால் ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

1968, நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரி. ஒரு மாணவி பொய்யான முகவரி கொடுத்துவிட்டு நண்பனோடு வெளியே குடியிருந்தது தெரிந்துபோயிற்று. மாணவிகள், ஆசிரியர்கள், நிர்வாகிகள் சேர்ந்த நீதிக்குழு கூடியது. கொடுத்த தண்டனை: கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழையக் கூடாது! பத்திரிகைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். பிறகு தோன்றியது, அந்தக் குழுவுக்கு இருந்த ஒரே நேர்மையான வழி அதுதானோ என்று. தண்டிக்காமல் விட்டால் விதியில்லை, நீக்கினால் மனசாட்சியில்லை. எனவே காபி கிடையாது. இதிலே ஒரு பின்குறிப்பு: அப்போது பர்னார்டின் தலைவர் மார்த்தா பீட்டர்சன். டெய்லருக்கு முன்பு கன்சாஸில் பெண்களுக்கான டீனாக இருந்தவர்.

பூட்டு போயிற்று. கூடவே என்ன போயிற்று என்பதைத்தான் விடுதலைக் கதையாடல் சொல்வதில்லை. பெண்களின் அரசாங்கத்துக்கு இருந்த நிஜமான அதிகாரம் கதவு நேரம் ஒன்றின் மேல்தான். அது ஒழிந்ததும் சங்கத்துக்கு வேலை இல்லை. ஆண்கள் தலைமையேற்றிருந்த பொது மாணவர் பேரவையில் அது கரைந்தது. பால் வேறுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் வந்தபின் தனிப் பெண்கள் சங்கத்துக்கு நியாயமும் குறைந்தது. ஆண்களுக்கான டீன், பெண்களுக்கான டீன் என்ற இரண்டு நாற்காலிகளை ஒன்றாக்கினார்கள். 'மாணவர்களுக்கான டீன்' என்ற அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பெரும்பாலும் யார் என்று கேட்க வேண்டுமா? 1916இல் தொடங்கிய டீன்களின் தேசியச் சங்கம் பெயர் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு 2000இல் கலைந்தது. சமத்துவத்தின் பேரில் பெண்களின் தனி நிறுவனம் காலியாவது அங்கே மட்டும் நடந்ததல்ல. அதற்காகக் கதவைப் பூட்டியே வைத்திருக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. பூட்டும் சாவிக்கொத்தும் ஒன்றல்ல என்கிறேன். தொலைத்தது இரண்டையும்.

1972 பிப்ரவரி 4 இரவு. கன்சாஸ் வளாகத்தில் 'பிப்ரவரி சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் பெண்கள் சிலர் கிழக்காசிய ஆய்வுக் கட்டிடத்துக்குள் குழந்தைகளோடு புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். குழந்தைக் காப்பகம், பெண்களுக்கு மருத்துவ வசதி, பெண்ணியல் படிப்பு, நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் பெண்கள் என்று கோரிக்கைகள். இரவெல்லாம் இருந்தார்கள். பெண்களுக்கான டீன் அப்போதும் எமிலி டெய்லர்தான். எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதிவிட்டு வரவில்லை.