விலக்கும் விலக்கப்பட்டோரும்
அவுஸ்திரேலிய மதப் பாடசாலைகளின் சட்டச் சலுகை பற்றிய ஒரு விமரிசனம்

1

சட்ட வாசகங்களை நாம் பொதுவாக விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. அவை சட்டவல்லுநர்க்குரியன என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாயிருந்து வருகிறது. எனினும் ஒரு சமுதாயம் தன் உறுப்பினருள் யாரை முழுமையான மனிதராகக் கணிக்கிறது, யாரைக் கணிக்கத் தயங்குகிறது என்பதைக் கவிதையிலும் நாவலிலும் பார்க்கச் சட்டம் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றது. அவ்வகையில், அவுஸ்திரேலியக் கூட்டாட்சிப் பாராளுமன்றம் 1984 ஆம் ஆண்டு நிறைவேற்றிய, பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டத்தின் 38 ஆம் பிரிவு நுணுகி நோக்கத்தக்கதாகும். மாணவர் பற்றிய அதன் மூன்றாம் உட்பிரிவே இக்கட்டுரையின் பொருள். ஆசிரியர் நியமனம் பற்றிய உட்பிரிவுகள் வேறு வகைப்பட்ட சிக்கல்களைக் கொண்டவையாதலின் அவை ஈண்டு ஆராயப்படவில்லை.

மேற்படி உட்பிரிவு கூறுவதன் சாரம் இது: ஒரு மதத்தின் கோட்பாடுகளுக்கு இயைய நடத்தப்படும் கல்வி நிறுவனம், ஒரு மாணவரை அவரது பாலீர்ப்பு, பாலின அடையாளம், மண நிலை அல்லது உறவு நிலை, கர்ப்பம் ஆகியவற்றின் பேரில் வேறுபடுத்தி நடத்தலாம். அம்மதத்தைச் சார்ந்தோரின் மத உணர்வு புண்படாதிருக்கும் பொருட்டு, நல்லெண்ணத்துடன் அவ்வாறு செய்யப்படுமாயின் அது சட்டவிரோதமாகாது.

இவ்வாக்கியத்தில் புண்படக்கூடியவராகக் கருதப்படுவோர் ஒரு சாராரே. அவர்கள் மதத்தைச் சார்ந்தோர். அனுமதி மறுக்கப்படும் அல்லது வெளியேற்றப்படும் பிள்ளைக்கு நேரும் புண்ணை நிறுத்துப் பார்க்க வாக்கியத்தில் தராசு எதுவும் இல்லை. நல்லெண்ணம் என்ற சொல்லும் பாடசாலை நிருவாகத்தின் மனநிலையை மட்டுமே அளவிடுகிறது. அச்செயலின் விளைவைப் பற்றி அது கேட்பதில்லை.

இதனிலும் ஆழமான குறைபாடு ஒன்று உண்டு. ஒரு புறத்தே மதம், மறுபுறத்தே அதற்கு அந்நியரான ஒருவர் என்ற கற்பனையின் மீதே இவ்வாசகம் கட்டப்பட்டுள்ளது. நடைமுறையிலோ அப்பிள்ளை பெரும்பாலும் அதே மதக் குடும்பத்திற் பிறந்து, அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அதன் பாடகர் குழுவிற் பாடி வளர்ந்த பிள்ளையாகும். தன்பாலீர்ப்புடையவரென்றோ திருநர் என்றோ தன்னை உணரும் வயது வந்ததும் அப்பிள்ளையின் விசுவாசம் தானாகக் கழன்று விழுந்துவிடுவதில்லை. மதத்தைச் சார்ந்தோர் என்ற தொகுதிக்குள் அப்பிள்ளையும் அடங்கும். ஆயின் சட்டம் அத்தொகுதியை வரையறுக்கும்போது அப்பிள்ளையை மௌனமாகக் கழித்துவிடுகின்றது.

பாலீர்ப்பும் பாலின அடையாளமும் 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே இச்சட்டத்திற் சேர்க்கப்பட்டன. முதன்முறையாகக் கூட்டாட்சிச் சட்டம் இம்மக்களுக்குப் பாதுகாப்பளித்தது. அதே திருத்தம் அவர்களை மதப் பாடசாலைகளின் விலக்குக்குள்ளும் கொண்டுவந்தது. அவ்வாண்டில் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு மாற்றம் ஒப்புநோக்கற்பாலது. கூட்டாட்சி அரசின் பணத்தைப் பெற்று மத நிறுவனங்கள் நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், தம்மிடம் பராமரிப்புப் பெறுவோரை இக்காரணங்களுக்காக ஒதுக்கும் உரிமை நீக்கப்பட்டது. அரசின் பணம் பெறும் இடத்தில் முதியவரை ஒதுக்கலாகாது என்ற நெறி அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே அரசின் பணம் பெறும் பாடசாலையில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்நெறி மறுக்கப்பட்டது. தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வலு மிகக் குறைந்தவரிடத்திலேயே சட்டம் தன் காவலை விலக்கிக்கொண்டது எனலாம்.

2

இம்முரண்பாட்டின் வேர்களை அறிய வரலாற்றுப் பின்னணியை நோக்குதல் அவசியமாகும். விக்டோரியா 1872 ஆம் ஆண்டிலும் நியூ சவுத் வேல்ஸ் 1880 ஆம் ஆண்டிலும் மதச்சார்பற்ற பொதுக் கல்விக்கான சட்டங்களை இயற்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏனைய குடியேற்றங்களும் மதப் பாடசாலைகளுக்கான அரச உதவியை நிறுத்தின. அக்காலத்துக் கத்தோலிக்கருள் மிகப் பெரும்பாலோர் அயர்லாந்து வழிவந்த உழைக்கும் மக்கள். ஆங்கிலேயப் புரொட்டஸ்தாந்து மேலாண்மை நிலவிய ஒரு சமுதாயத்தில் ஐயத்துடன் நோக்கப்பட்டவர்கள். தம் ஏழ்மையிலிருந்து திரட்டிய பணத்தாலும், ஊதியம் கருதாது உழைத்த கன்னியர், துறவியர் ஆகியோரின் உழைப்பாலுமே அவர்கள் தம் பாடசாலைகளைக் கட்டியெழுப்பினர். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென 1866 இல் தொடங்கப்பட்ட புனித சூசையப்பர் சபையின் நிறுவுநருள் ஒருவரான மேரி மக்கிலொப், 1871 இல் தம் ஆயராலேயே திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அத்தண்டனை நீக்கப்பட்டது. 2010 இல் அதே திருச்சபை அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தது. மத அதிகாரத்தின் புண்பட்ட உணர்வு எப்போதும் மதத்தின் இறுதித் தீர்ப்பாவதில்லை என்பதற்கு இக்கல்வி மரபின் தோற்றத்திலேயே சான்றுண்டு.

அரச உதவிக்கான போராட்டம் 1962 ஜூலையில் கூல்பேண் நகரில் உச்சம் பெற்றது. கத்தோலிக்கப் பாடசாலையொன்றின் மலசலகூட வசதியை மேம்படுத்துமாறு அரசு வற்புறுத்தியதையடுத்து, அந்நகரின் கத்தோலிக்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. ஏறத்தாழ 2000 பிள்ளைகள் அரச பாடசாலைகளின் வாயிலில் இடம் கோரி நின்றனர். எங்கள் பிள்ளைகளும் இந்நாட்டின் பிள்ளைகளே, எங்கள் வரிப்பணமும் பொதுப்பணமே என்பது அப்போராட்டத்தின் உட்பொருள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மென்சீஸ் விஞ்ஞான ஆய்வுகூடங்களுக்கு உதவி வழங்க வாக்களித்தார். 1964 இல் அது நடைமுறைக்கு வந்தது. 1973 இன் காமெல் அறிக்கையை அடுத்து, தேவையின் அடிப்படையில் எல்லாப் பாடசாலைகளுக்கும் நிதி வழங்கும் முறை உருப்பெற்றது. அவ்வுதவி அரசியலமைப்புக்கு முரணானது என்ற வழக்கையும் 1981 இல் நாட்டின் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இன்று அவுஸ்திரேலிய மாணவருள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அரசு சாராப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை மதச் சார்புடையவை.

உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி அரசு பொறுப்பேற்ற ஈழத்துக் கல்வி வரலாற்றை அறிந்த வாசகர்க்கு இவ்விவாதம் புதிதன்று. இங்கு அவ்வினா உடைமை மாற்றத்தால் தீர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் உடைமை மத நிறுவனங்களிடமே இருக்க, செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. எனவே அங்கு எழும் வினா வேறு: உடைமை மதத்தினுடையதாகவும் பணம் பொதுமக்களுடையதாகவும் இருக்கும்போது பிள்ளை யாருடைய பொறுப்பு?

கூல்பேண் வாதத்துக்கு இவ்விடத்தில் முழுமையான தர்க்க விளைவு உண்டு. ஒரு பிள்ளையின் வீட்டார் எம்மதத்தினர் என்பதைப் பாராது, பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அரசு அதன் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பதே அவ்வாதம். 2013 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி அரச நிதி மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற அளவுகோலின் அடிப்படையிலேயே கணிக்கப்படுகின்றது. தன்பாலீர்ப்புடைய மாணவரும் திருநர் மாணவரும் அக்கணக்கில் முழுத் தலைகளாகவே எண்ணப்படுகின்றனர். மானியம் பெறும்போது எண்ணப்படும் பிள்ளை, 38 ஆம் பிரிவுக்கு வரும்போது எண்ணப்படாமற் போகிறது. சமத்துவத்தின் பேரால் வென்றெடுத்த பணத்தை வைத்துக்கொண்டு சமத்துவத்துக்கு விலக்குக் கோருவதே இச்சலுகையின் அடிப்படை முரண்பாடு.

3

இச்சட்ட விலக்கைப் பொதுமக்களுட் பலர் 2018 வரை அறிந்திருக்கவில்லை. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கும் சட்டம் 2017 டிசெம்பரில் நிறைவேறிய காலத்தில், மத சுதந்திரம் பற்றி ஆராயுமாறு பிலிப் றடொக் தலைமையிலான குழு பணிக்கப்பட்டது. அதன் பரிந்துரைகள் 2018 ஒக்டோபரில் கசிந்தன. முன்கூட்டியே வெளியிடப்பட்ட கொள்கையொன்றின் அடிப்படையிலும், பிள்ளையின் நலனை முதன்மையாகக் கருத்திற் கொண்டும் மாணவரை வேறுபடுத்தும் உரிமை தொடரலாம் என்று அக்குழு கூறியிருந்தது. உண்மையில் அது நடப்பிலிருந்த உரிமைக்குச் சில வரம்புகளை இட்டதேயன்றிப் புதிய உரிமை எதனையும் வழங்கவில்லை. அவ்வாறிருந்தும் அதிர்ச்சி பெரிதாயிற்று; நாட்டிலே இத்தகைய சட்டம் ஏற்கெனவே உண்டென்பதே பலருக்குச் செய்தியாக இருந்தது. மாணவரை வெளியேற்ற இடமளிக்கப்படாது என்று பிரதமர் ஸ்கொட் மொறிசன் உடனே வாக்களித்தார். சிட்னியின் 34 ஆங்கிலிக்கன் பாடசாலைகளின் சார்பில் விலக்கைப் பேணுமாறு கோரும் கடிதம் வெளியானபோது, அப்பாடசாலைகளின் பழைய மாணவர் பலரே அதற்கெதிராகக் குரல் எழுப்பினர். அவர்கள் அந்த மரபுக்குள் நின்றே பேசினர் என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

2022 ஜனவரி இறுதியில் பிறிஸ்பேனின் சிற்றிபொயின்ற் கிறிஸ்தவக் கல்லூரி பெற்றோரிடம் வழங்கிய அனுமதி ஒப்பந்தம் இப்பிரச்சினையின் மற்றொரு முகத்தைக் காட்டியது. தன்பாலுறவை, விலங்குப் புணர்ச்சி, சிறார்மீதான பாலியல் இச்சை முதலியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பாவமென்று கூறிய அவ்வாவணம், மாணவர் தம் உயிரியற் பால் அடிப்படையிலேயே சேர்க்கப்படுவர் எனவும் கூறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவிற் கையொப்பமிட, சில நாட்களில் அது மீளப் பெறப்பட்டது.

அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிட வேண்டியவர் யார்? பெற்றோர். கட்டுப்பட வேண்டியவர் யார்? பிள்ளை. தன்னைப் பற்றித் தன் பெற்றோரிடம் இன்னும் சொல்லாத ஒரு பிள்ளையின் வீட்டு மேசையில் அத்தாள் வைக்கப்படுகிறது. மறுப்பின் பாடசாலை போய்விடும், ஒப்பின் பிள்ளை பொய்யாகிவிடும் என்ற இக்கட்டைப் பெற்றோரில் ஒருவரேனும் அறியாமலே எதிர்கொண்டிருக்கக் கூடும். ஒப்பந்தத்துக்கு அடிப்படை சுயவிருப்பம் என்பர். இங்கு விருப்பம் ஒருவருடையது, விளைவு இன்னொருவருடையது.

அடுத்த மாதம் பாராளுமன்றத்தில் நடந்தவை இன்னும் தெளிவானவை. மதப் பாரபட்சத்திலிருந்து விசுவாசிகளைப் பாதுகாக்கவென ஒரு மசோதாவை அரசு கொண்டுவந்தது. அதனோடு இணைத்து, பாலீர்ப்பின் பேரில் மாணவரை வெளியேற்றுவதை மட்டும் தடுக்க முன்வந்தது. திருநர் மாணவர் அதில் அடங்கவில்லை. பெப்ரவரி 9 ஆம் திகதி இரவு முழுவதும் நீடித்து மறுநாள் விடியற்காலையில் முடிவுற்ற விவாதத்தில், ஆளும் லிபரல் கட்சி உறுப்பினர் ஐவர் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தனர். மாணவர் பற்றிய விலக்கை முற்றாக நீக்கும் திருத்தம் கீழவையில் வெற்றி பெற்றது. அதன் பின்னர் அரசு தன் மசோதாவை மேலவைக்குக் கொண்டு செல்லவேயில்லை. மாணவரை ஒதுக்கும் உரிமையை இழப்பதிலும் பார்க்க, விசுவாசிகளுக்குரிய பாதுகாப்பையே கைவிடுதல் மேலெனக் கருதப்பட்டது. அப்பாதுகாப்பு கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி, சிறுபான்மையினரான இஸ்லாமியர்க்கும் இந்துக்களுக்கும் உரியதாயிருந்திருக்கும் என்பதை நினைவு கூரும்போது இத்தெரிவின் பொருள் மேலும் விளங்கும்.

4

விலக்கை ஆதரிப்போரின் வாதங்களை இலேசாகத் தள்ளிவிடலாகாது. தம் நம்பிக்கைக்கு இயையப் பிள்ளைகளுக்கு மத, ஒழுக்கக் கல்வி அளிக்கும் பெற்றோரின் சுதந்திரத்தைக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18 ஆம் உறுப்புரை அங்கீகரிக்கிறது. அது மெய்யான உரிமை. சிறுபான்மையினர் என்ற வகையில் நாமும் மதிக்க வேண்டிய உரிமை. ஆயின் அது கல்வியின் உள்ளடக்கம் பற்றியது. திருமணம் பற்றிய தன் கோட்பாட்டைப் பாடசாலை போதிப்பதற்கும், அக்கோட்பாட்டுக்குள் அடங்காத மாணவரை வகுப்பிலிருந்து அகற்றுவதற்கும் இடையே பாரிய வேறுபாடு உண்டு. 1989 இன் சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளையின் நலனை முதன்மைப்படுத்துவதோடு, பிள்ளைக்கே சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரங்கள் உண்டெனவும் கூறுகிறது.

இவ்விலக்கு அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது என்பது இரண்டாவது வாதம். வெளியேற்றம் அரிது என்பது உண்மையாகலாம். எனினும் பாரபட்சத்தின் இறுதிப் படியே வெளியேற்றம். எச்சீருடை, எக்கழிவறை, எப்பெயர், மாணவ தலைவர் பதவி யாருக்கு, பிரியாவிடை விருந்துக்கு யாருடன் வரலாம் என்பவற்றிலெல்லாம் அது அன்றாடம் செயற்படக் கூடியது. பயன்படாத கத்தியும் மேசைமேல் இருக்கும்போது பேச்சைக் கட்டுப்படுத்துகிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னால் அதிபருக்கு எட்டுமோ என்று அஞ்சும் மாணவர், அவ்விலக்கு ஒருபோதும் பிரயோகிக்கப்படாத பாடசாலையிலும் அதன் கீழ்தான் வாழ்கிறார்.

விலக்கை நீக்கினால் மதப் பாடசாலைகள் தம் தன்மையை இழக்கும் என்பது மூன்றாவது வாதம். இதற்கு அனுபவமே விடை கூறுகிறது. தஸ்மேனியாவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இக்காரணங்களின் பேரில் மாணவரை ஒதுக்க மதப் பாடசாலைகளுக்கு இடமளிப்பதில்லை. அங்கு கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் பாடசாலைகள் இன்றும் தம் வழிபாட்டோடும் மரபோடும் நடைபெறுகின்றன. விக்டோரியா 2021 இல் தன் சட்டத்தை இத்திசையில் திருத்தியது. மறுபுறத்தே நியூ சவுத் வேல்சின் 1977 ஆம் ஆண்டுச் சட்டம் மதச் சார்பு என்ற நிபந்தனைகூட இன்றித் தனியார் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் விலக்களித்தது. விலக்கு எப்போதும் விசுவாசத்தின் தேவையிலிருந்து பிறந்ததன்று என்பதை இது புலப்படுத்துகிறது.

விசுவாசத்தின் பேரால் பொதுப்பணத்தோடு பாரபட்சத்தையும் கோரிய முன்னுதாரணம் வேறிடத்திலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பொப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், இனங்களுக்கிடையிலான காதலையும் மணத்தையும் வேதத்தின் பேரால் மாணவர்க்குத் தடைசெய்திருந்தது. அதன் வரிவிலக்கை அரசு நீக்கியது சரியேயென 1983 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் தானாகவே அத்தடையைக் கைவிட்டது. மாற்றமுடியாத வேதக் கட்டளையாகக் கூறப்பட்டது, பதினேழு ஆண்டுகளில் மாற்றத்தக்க பழக்கமாகிவிட்டது. இனத்தையும் பாலீர்ப்பையும் எல்லா வகையிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை. புண்பட்ட மத உணர்வு மட்டும் பொதுப்பணத்துக்கு உரிமைச் சீட்டாகாது என்ற நெறி இரண்டுக்கும் பொருந்தும்.

5

2024 மார்ச்சில் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட அவுஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழுவின் அறிக்கை, 38 ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை நீக்குமாறு பரிந்துரைத்தது. மதப் பாடசாலைகள் தம் கோட்பாட்டைத் தொடர்ந்து போதிக்கலாம் என்பதையும் அது ஏற்றது. இரு பெருங்கட்சிகளின் உடன்பாடின்றி முன்செல்ல இயலாதென அரசு கூறிற்று. 2024 ஆம் ஆண்டின் இறுதிவரை அவ்வுட்பிரிவு நீக்கப்படவில்லை.

முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விடத்தில் ஒரு தவறைத் தவிர்த்தல் வேண்டும். இதனை மதத்துக்கும் நவீனத்துவத்துக்கும் இடையிலான போராட்டமாக வருணித்து மதத்தை எதிரியாக நிறுத்துவது எளிது. அவ்வாறு செய்வோர், தம்மை அறியாமலே, சட்டம் வரைந்த அதே எல்லைக்கோட்டை ஏற்றுக்கொள்கின்றனர். அம்மாணவரை மதத்துக்கு அப்பால் நிறுத்திவிடுகின்றனர். பழைய மாணவரின் எதிர்ப்பும், ஒன்றிணைந்த திருச்சபை 2018 இல் தன்பாலினத் திருமணத்துக்கு இடமளித்தமையும் காட்டுவது வேறொன்று. மத சமூகங்களுக்குள்ளேயே இப்போராட்டம் நடைபெறுகின்றது. அவ்வேளையில் சட்டம் அதிகாரத்திலுள்ள தரப்பின் உணர்வை மட்டும் மதத்தின் உணர்வாகப் பதிவு செய்து, அதற்குப் பொதுப்பணத்தின் பலத்தையும் வழங்குகிறது. விலக்கு நீக்கப்படின் எக்கோட்பாடும் அழியாது, எவ்வாலயமும் மூடப்படாது. மானியப் பதிவேட்டில் ஏற்கெனவே எண்ணப்பட்ட பிள்ளை வகுப்பறையிலும் எண்ணப்படும். கூல்பேணில் 1962 இல் வாயிலில் நின்ற பிள்ளைகளுக்காகக் கேட்கப்பட்டது அவ்வளவே.